நோயாளி நாற்காலி

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவளுக்கு 'வயிற்றுவலி' என்று பெயர் விழுந்துவிட்டது. அதில் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. அந்த இடத்தில் எல்லோருக்கும் நோய்தான் பெயர். மூட்டுவலி, ஓய்வுபெற்ற டைப்பிஸ்ட். தலைசுற்றல், பாதி நாள் ஒரு கடையில் கல்லாவில் உட்கார்ந்துவிட்டு மீதி நாள் இங்கே வந்து மயங்கி விழுகிறவள். மாரடைப்பு என்கிற பெரியவர் ஒரு காலத்தில் பஸ் ஓட்டியவர். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவர் சரிகிற அழகைப் பார்த்து, ஒரு மாணவன் நிஜமாகவே உதவிக்கு ஆள் கூப்பிட ஓடியிருக்கிறான். மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகள் உண்மையான நோயாளியின் மேல் கை வைப்பதற்கு முன்னால் யார்மேலாவது கை வைத்துப் பழக வேண்டுமே, அதற்காகக் கல்லூரி சம்பளம் கொடுத்து வைத்திருந்த போலி நோயாளிகள் இவர்கள்.

வேலை கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். கையில் ஓர் அட்டை கொடுப்பார்கள். வலி எங்கே ஆரம்பித்தது, எங்கே நகர்ந்தது, வாந்தி உண்டா, காய்ச்சல் உண்டா, எல்லாம் அதில் இருக்கும். மனப்பாடம் செய்துகொண்டு, சுவரோரமாகக் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார வேண்டும். மேசைக்கு அந்தப் பக்கம் சக்கரம் வைத்த நாற்காலி டாக்டருக்கு. மணி அடிக்கும், ஒருவன் வருவான். மணி அடிக்கும், அவன் போய் அடுத்தவன் வருவான். காலையில் முதல் ஆளுக்கு எந்த வலி வலித்ததோ, அதே வலி சாயங்காலம் கடைசி ஆளுக்கும் வலிக்க வேண்டும். ஒரு முனகல்கூடக் குறையக் கூடாது.

சட்டம் ஒன்றே ஒன்றுதான், ஆனால் கறாரான சட்டம். கேட்டால் சொல்லலாம், கேட்காததைச் சொல்லக் கூடாது. எதிரே இருப்பவன் முக்கியமான கேள்வியை மறந்துவிட்டுக் கூரையைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தாலும், நோயாளி வாயைத் திறக்கக் கூடாது. மற்றவர்களுக்கு இது கஷ்டமில்லை. அவர்களுக்கு அந்தக் கேள்வி எதுவென்றே தெரியாது. இவளுக்குத் தெரியும். இரண்டு வருடம் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவள். கேள்வி நாக்கு நுனிவரை வந்து நிற்கும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இந்தக் கழுதைக்குக் கிடைத்த இடம் எனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று வயிறு எரியும். அந்த எரிச்சலை முகத்தில் பார்த்த மேற்பார்வையாளர் அம்மாள், வலியை இவள் மாதிரி யாரும் காட்டுவதில்லை என்று மெச்சிக்கொண்டார்.

அதே கல்லூரிக்கு அவள் இரண்டு தடவை விண்ணப்பித்தவள். முதல் தடவை நேர்காணலுக்கே கூப்பிடவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டு, உட்கார வைத்து, சிரித்துப் பேசி, இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஓர் ஆள் மூன்று முறைதான் விண்ணப்பிக்கலாம். மிச்சமிருப்பது ஒன்று. அதுவும் போனால், பணம் கட்டி வேறு கல்லூரியில் சேர வழியில்லாத வீட்டில், தலைகீழாக நின்றாலும் இந்த ஜன்மத்தில் டாக்டர் ஆக முடியாது. சேர்க்கைப் பிரிவில் இருந்த ஒரு குமாஸ்தா, இவள் முகம் போன போக்கைப் பார்த்து இரக்கப்பட்டு ஒரு யோசனை சொன்னார்.

"அடுத்த தடவை வரும்போது நடுவுல இருக்கிற வருஷத்துல என்ன பண்ணீங்கன்னுதான் முதல்ல கேப்பாங்க. சும்மா இருந்தேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

பாவம், நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அந்த வாக்கியம் அவளைப் பேயாகப் பிடித்துக்கொண்டது. முதலுதவி வகுப்புக்குப் போனாள். ரத்ததான முகாமில் பிஸ்கட் கொடுத்தாள். முதியோர் இல்லத்தில் ஒரு கிழவருக்குப் பேப்பர் வாசித்துக் காட்டினாள். அவர் விளையாட்டுச் செய்தியைத் தவிர வேறு எதையும் வாசிக்க விடவில்லை. சினிமா பார்க்கவில்லை, தோழியின் கல்யாணத்துக்குப் போகவில்லை. ஒரு மணி நேரம் சும்மா படுத்தால்கூட, சும்மா இருந்தேன் என்று சொல்ல வேண்டி வருமே என்று திடுக்கிட்டு எழுந்துவிடுவாள். அப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் போலி நோயாளிகள் தேவை என்று கல்லூரி வாசலில் ஒட்டியிருந்தார்கள். உள்ளே நுழையவே விடாத வீட்டில் கொல்லைப்புறமாகவாவது நுழைந்துவிடலாம் என்று விழுந்தடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாள்.

வீட்டில் இது எப்படி வேறு கதையாக மாறியது என்பதைச் சொல்ல வேண்டும். அப்பா வீட்டின் முன்னறையிலேயே மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தார். எரிந்துபோன மின்விசிறி, தண்ணீர் மோட்டார் என்று தெருவே அவரிடம்தான் வரும். செம்புக் கம்பியைச் சுற்றும்போது அவர் மனதுக்குள் எண்ணிக்கொண்டே சுற்றுவார். அப்போது யார் பேசினாலும் பதில் வராது. எண்ணிக்கை விட்டுப்போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இது தொழிலுக்கு அவசியம்தான். ஆனால் பிடிக்காத பேச்சு வரும்போதெல்லாம் அவர் கம்பியைக் கையில் எடுத்துவிடுவதும் உண்டு.

மகள் தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு மருத்துவக் கல்லூரி வாசலில் இறங்குவதைத் தெருவில் நாலு பேர் பார்த்தார்கள். ஒருவர் கடைக்கு வந்து, பொண்ணுக்கு இடம் கிடைத்துவிட்டதாமே என்று சந்தோஷமாகக் கேட்டார். அப்பா இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. கம்பியைச் சுற்றினார். அது போதுமே தெருவுக்கு. மறுநாளிலிருந்து அவள் டாக்டரம்மா. அம்மாவுக்கு ஆலையில் ஷிப்ட் வேலை. ஒருநாள் வேலை முடிந்து வந்தவளிடம் பக்கத்து வீட்டுக்காரி வாழ்த்துச் சொன்ன பிறகுதான் அவளுக்கே விஷயம் தெரிந்தது. வீட்டுக்குள் வந்து ஒரு பாட்டம் கத்தினாள். அடுத்த தடவை எப்படியும் கிடைத்துவிடும், அதற்குள் எதற்கு வீணாகப் போய்த் திருத்திக்கொண்டு என்றார் அப்பா. மகளும் பேசாமல் இருந்தாள். இதை அவள் தலையில் மட்டும் கட்ட முடியாது, ஆனால் அவள் தலையிலும் கொஞ்சம் கட்டத்தான் வேண்டும். இரண்டு வருடம் தெருவில் தலையைக் குனிந்துகொண்டு நடந்தவளுக்கு, யாராவது வழிமறித்து முழங்கை வலியைப் பற்றிக் கேட்கும்போது உள்ளுக்குள் குளிர்ந்தது.

இப்படியாக மூன்றாவது விண்ணப்பம் வெறும் விண்ணப்பமாக இல்லாமல், ஏற்கெனவே சொல்லிவிட்ட பொய்யை உண்மையாக்குகிற ஒரே வழியாகிப் போனது. நேர்காணல் தேதி வந்ததும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணாடி முன் நின்று, இடைப்பட்ட வருடத்தில் நான் செய்தவை என்று ஆரம்பித்து மூச்சுக்கு முன்னூறு தடவை ஒப்பித்தாள்.

நேர்காணல் நடந்தது அவள் வேலை பார்க்கும் அதே தாழ்வாரத்தில், அதே அறைகளில். ஒவ்வோர் அறையிலும் ஒரு சோதனை. முதல் அறைகள் நன்றாகவே போயின. வருடத்தைப் பற்றிக் கேட்டார்கள், தட்டாமல் தடுமாறாமல் சொன்னாள். ஒரு பேராசிரியை தலையைக்கூட ஆட்டினார். கடைசி அறையின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'உங்களைப் பார்க்க வருபவர் ஒரு பஸ் ஓட்டுநர். உடல்நிலை காரணமாக இனி அவர் வண்டி ஓட்டக் கூடாது. அதை நீங்கள் அவரிடம் சொல்ல வேண்டும்.' படித்தாள். இதில் என்ன இருக்கிறது, எத்தனையோ பேர் சொதப்புவதை எதிரே உட்கார்ந்து பார்த்திருக்கிறோமே என்று தைரியம்கூட வந்தது. மணி அடித்தது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், கால் இழுத்த பக்கம் நடந்து, சுவரோர பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

மூலையில் தேர்வாளர் ஒருவர் பேனாவோடு இருந்தார். கதவு தட்டும் சத்தம் கேட்டது. உள்ளே வந்தவர் மாரடைப்பு. நேர்காணல் காலத்தில் ஒருவரையொருவர் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளக் கூடாது என்று உத்தரவு, அதனால் அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. ஆனால் தன் நாற்காலியில் ஆள் இருப்பதைப் பார்த்து ஒரு நொடி தயங்கி நின்றார். அறையில் காலியாக இருந்தது மேசைக்கு அந்தப் பக்கம் டாக்டருக்கான நாற்காலி ஒன்றுதான். வேறு வழியில்லாமல் மெதுவாக அதில் போய் உட்கார்ந்தார்.

அவள் காத்திருந்தாள். அவர் கேட்கட்டும் என்று காத்திருந்தாள். இதை என்னவென்று சொல்வது? படிப்பு எங்கே போனது, ஒப்பித்ததெல்லாம் எங்கே போனது, தெரியவில்லை. பல மாதமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் கேட்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று உடம்பு பழகியிருந்தது, உடம்பு அதையே செய்தது. எதிரே அவரும் காத்திருந்தார். அவரும் நோயாளி, அவருக்கும் அதே சட்டம். டாக்டரே இல்லாத அறையில் இரண்டு நோயாளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். தேர்வாளரின் பேனா தாளின் மேல் அசையாமல் நின்றது.

பெரியவரின் கண்ணில் ஏதோ கெஞ்சல் தெரிந்தது. அதைப் பார்த்துத்தான் அவளுக்கு உறைத்தது. எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள், நாற்காலி மாறிவிட்டது என்று யாருக்கோ மன்னிப்புச் சொன்னாள். பிறகு நேரம் போய்விட்டதே என்கிற பதற்றத்தில், ஊர் பேர் நலம் எதுவும் விசாரிக்காமல் போட்டு உடைத்தாள்.

"ஐயா, நீங்க இனிமே வண்டி ஓட்டக் கூடாது."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அப்போ நான் என்னம்மா பண்ணுவேன்?" என்று கேட்டார். நடிப்புதான். ஆனாலும் தெரிந்த ஆறுதல் வார்த்தைகளுக்குப் பதிலாக அவளுக்குக் கண்ணீர் வந்தது. நோயாளி அழுதால் டாக்டர் கண் துடைக்க டிஷ்யூ காகிதத்தை எடுத்து நீட்ட வேண்டும். மேசையிலிருந்த பெட்டியை எடுத்து நீட்டியவர் மாரடைப்பு. மணி அடித்துவிட்டது.

முடிவு வருவதற்கு அதிக நாள் ஆகவில்லை. கைப்பேசியில் 'வருந்துகிறோம்' என்ற சொல்லைப் பார்த்ததும் மேற்கொண்டு படிக்காமல் வைத்துவிட்டாள். அழுகை வரவில்லை. உடம்பு முழுக்க ஒரு வெறுமை. இனி எதற்காகவும் ஓட வேண்டியதில்லை என்பது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தபோது, நாளை காலையில் எழுந்திருக்க ஒரு காரணமும் இல்லையே என்றுதான் தோன்றியது. அந்த நினைப்பைக் கண்டு அவளே பயந்துபோனாள்.

அப்பா கடையில் இருந்தார். நேர்காணல் முடிந்த நாளிலிருந்து அவர் கையில் எப்போதும் கம்பி இருந்தது. அன்று அவள் விடவில்லை. அந்தக் காயில் முடியும்வரை எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்து, அவர் நிமிர்ந்ததும் சொல்லிவிட்டாள்.

"இந்தத் தடவையும் இல்லப்பா. இனிமே போடவும் முடியாது."

அப்பா வாசலைப் பார்த்தார். யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு குரலைத் தாழ்த்தினார். "யார்கிட்டயும் சொல்லாத. காலையில எப்பவும்போல பையை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடு."

"எத்தனை நாளைக்குப்பா?"

"படிப்பு மொத்தமே அஞ்சு வருஷம்தானே. அதுக்குள்ள ஏதாவது யோசிக்கலாம்."

கேலி பேசுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தாள். இல்லை. மனுஷர் நிஜமாகவே கணக்குப் போட்டிருந்தார். மகளுக்கு இடம் கிடைக்காததைவிடத் தெருவுக்கு என்ன சொல்வது என்பதுதான் அவரைக் கொன்றுகொண்டிருந்தது. அவளுக்கு அவர்மேல் கோபம் வந்தது, அதைவிட அதிகமாகப் பரிதாபம் வந்தது. சரி என்றும் சொல்லாமல் மாட்டேன் என்றும் சொல்லாமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அந்த விஷயத்தில் அவள் அப்பாவின் மகள்தான்.

மறுநாள் காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பவும் செய்தாள். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. கடை வாசலில் பேக்கரிக்காரர் பழுதான ஒரு மின்விசிறியை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டிலேயே பேக்கரி வைத்து அடுப்படியில் காலம் தள்ளுகிற மனிதர். சின்ன வயதிலிருந்து அவளுக்கு அவர் மாமா. இவளைக் கண்டதும் முகம் மலர்ந்து, நல்ல வேளை டாக்டரம்மா நீயே வந்தாய் என்று ஸ்டூலில் உட்கார்ந்து கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டார். இரண்டு காலும் வீங்கி மினுமினுத்தன. அவள் குனிந்து கட்டைவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

"படுத்தா மூச்சு முட்டுதா மாமா?"

"உனக்கு எப்படித் தெரியும்? ரெண்டு தலையணை வெச்சு உட்கார்ந்த மாதிரிதான் தூங்குறேன். அன்னிக்கு நீ உப்பைக் குறைக்கச் சொன்னியே, அதுலேருந்து உப்பையே தொடறதில்ல. ஆனா இறங்க மாட்டேங்குது. வீட்டுல ஆஸ்பத்திரிக்குப் போன்னு ஒரே நச்சரிப்பு. நம்ம பொண்ணு இருக்கும்போது எதுக்குடின்னு அடக்கி வெச்சிருக்கேன்."

ஆமாம், சொல்லியிருக்கிறாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில், கணுக்கால் லேசாக வீங்கியதைக் காட்டியபோது, பெரிய டாக்டர் தோரணையில் உப்பைக் குறையுங்கள் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு, அவர் கும்பிட்டதை வாங்கிக்கொண்டு போனாள். அந்த ஒரு வார்த்தையை நம்பி மனிதர் இத்தனை நாள் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. மாரடைப்பின் அட்டைகளில் ஒன்றில் இதே கால், இதே தலையணை. இதயம் தளர்ந்துபோன கேஸ். தாமதித்தால் ஆள் தேற மாட்டார் என்று அதன் அடியில் எழுதியிருக்கும்.

"மாமா, நான் டாக்டருக்குப் படிக்கல" என்றாள்.

"பாப்பா" என்றார் அப்பா உள்ளிருந்து. அதட்டுகிற குரல் இல்லை, பயந்த குரல்.

அவள் நிறுத்தவில்லை. அந்தக் கல்லூரியில் தனக்கு இடமே கிடைக்கவில்லை, மூன்று தடவை போட்டும் கிடைக்கவில்லை, அங்கே நோயாளி மாதிரி நடிக்கிற வேலைக்குத்தான் தினமும் போகிறேன் என்று எல்லாவற்றையும் கொட்டினாள். பேக்கரிக்காரர் அவளைப் பார்த்தார், கடைக்குள் அப்பாவைப் பார்த்தார். பிறகு மடித்திருந்த கால்சட்டையை முதலில் ஒரு காலில், அப்புறம் மறு காலில், கணுக்கால்வரை இறக்கிவிட்டுக்கொண்டார். அவர் திட்டியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"அப்போ அன்னிக்கு உப்பைக் குறைக்கச் சொன்னது?"

"தெரியாமதான் சொன்னேன், மாமா. இப்போ ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும். வாங்க, நான் கூட வர்றேன்."

அவர் எழுந்திருக்கவில்லை. டாக்டர் இல்லாதவள் சொல்வதை எதற்குக் கேட்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ. அவள் தரையில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். தன்மேல் உள்ள கோபத்தை எப்போது வேண்டுமானாலும் காட்டிக்கொள்ளலாம், இப்போது வாருங்கள் என்று கெஞ்சினாள். நேர்காணலில் வராத வார்த்தையெல்லாம் இப்போது வந்தது. ஒன்றும் அழகான வார்த்தை இல்லை. போலாம் மாமா, எழுந்திருங்க மாமா, அவ்வளவுதான். கடைசியில் வண்டி கூப்பிட்டு வந்தவர் அப்பா. பேக்கரிக்காரரைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டு, மகள் முகத்தைப் பார்க்காமலே கதவைச் சாத்தினார்.

மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அவள் முன்வாசல் வழியாகப் போனது அன்றுதான். சக்கர நாற்காலியில் அவரை உட்கார வைத்து அவசரப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். நர்ஸ் ஒரு பார்வை பார்த்துவிட்டு உடனே உள்ளே கொண்டுபோகச் சொன்னாள். உள்ளே போகும்போது அவர் திரும்பிப் பார்த்தார். மன்னித்த பார்வையா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. கதவு மூடிக்கொண்டது. கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரில் விவரங்களைத் தட்டிக்கொண்டே, தலை நிமிராமல், பேஷன்ட்டுக்கு நீங்க என்ன வேணும் என்று கேட்டாள்.

"எதிர்வீடு" என்றாள் அவள்.

அந்தப் பெண் அதைத் தட்டிவிட்டு, வெளியே காத்திருங்கள் என்றாள்.